மருந்து படாமல் சிவந்த செல்கள்

அத்தியாயம் 7

என் தம்பி மகள் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அறையில் கட்டில் இருந்தது, மெத்தை தைத்த நாற்காலி இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு, இரண்டு சுவர்கள் சேரும் மூலையைத் தேர்ந்தெடுத்திருந்தாள். தனக்குப் பின்னால் ஒரு சாண் இடம்கூட மிச்சம் இருக்கக் கூடாது என்று அவள் தீர்மானித்துவிட்டது தெரிந்தது.

“எழுந்து நாற்காலியில உக்காரு” என்றேன்.

“வேண்டாம் பெரியப்பா. இங்கயே இருக்கேன்.”

அது மனநோய்க்கான மருத்துவமனை. எங்கள் குடும்பத்தில் இப்படி ஓர் இடத்துக்கு யாரும் வந்ததில்லை. “வந்திருந்தாலும் வெளிய சொல்லியிருக்க மாட்டீங்க மாமா” என்று வரும் வழியில் என் மருமகள் சொன்னாள். அவளுக்கு வாய் அதிகம். ஆனால் காவல்துறையின் குற்றப்பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் எடுத்துக்கொள்ளும் வழக்குகளுக்கு உதவியாள் அவள் ஒருத்திதான். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். என் மகன் அவளைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்வதில்லை.

மருமகள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

“என்ன நடந்துச்சுன்னு எங்ககிட்ட ஒரு தடவை சொல்லும்மா. டாக்டருக்குச் சொன்ன மாதிரி வேண்டாம். அண்ணிக்குச் சொல்ற மாதிரி சொல்லு.”

“மூணு தடவை அண்ணி. மைக்ரோஸ்கோப் அறையில விளக்கை அணைச்சிட்டு உக்காருவேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது. அப்புறம் பின்கழுத்துல ஒரு மூச்சு. விடும், நிக்கும், மறுபடி விடும். திரும்பினா யாரும் இருக்க மாட்டாங்க. நெஞ்சு அடைக்கும். இப்பவே செத்துப்போகப் போறேன்னு தோணும். எந்திரிச்சு ஓடிடுவேன். மூணாவது தடவை ரொம்ப தூரம் ஓட முடியல. வராந்தாவுல விழுந்துட்டேன்.”

“மூச்சு எப்படி இருந்துச்சு?”

“சில்லுனு.”

“மனுஷ மூச்சு சூடால்ல இருக்கும்? உங்கண்ணன் மூச்சுல ஈரத்துணி காயும்.”

என் தம்பி மகள் சிரிக்கவில்லை. மருமகளின் கையை மட்டும் இறுக்கிப் பிடித்தாள். “அதான் அண்ணி. அது மனுஷன் இல்லன்னு நெனச்சேன்.”

நான் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டேன்.

“நாளைக் காலையில குழு கூடுது பெரியப்பா. என் புத்தி சரியில்ல, நான் அளந்தது எல்லாம் தப்புன்னு நானே சொல்லிடறேன். அப்பாவும் அதுதான் நல்லதுங்கறாரு.”

“அளந்தது தப்பா?”

“தெரியல. அதுதான் பயமா இருக்கு. எது நிஜம்னு இப்ப எனக்கே தெரியல.”

விஷயம் இதுதான். என் தம்பி ஒரு பெரிய ஆய்வகத்தின் தலைவன். மூட்டு வலிக்கு அவன் கண்டுபிடித்த மாத்திரைக்கு எங்கள் தந்தையின் பெயரில் பாதியை எடுத்து வைத்திருக்கிறான். நாளை குழு ஒப்புக்கொண்டால் அது நோயாளிகளுக்குப் போகும். அவன் மகள் அதே ஆய்வகத்தில், அந்த மருந்து உயிருள்ள செல்லுக்குள் என்ன செய்கிறது என்று அளப்பவள். மருந்து பட்ட செல் உள்ளுக்குள் புளித்துப்போகிறது, அப்படிப் புளித்த செல் பிழைக்காது என்று அவள் சொன்னாள். சொன்ன பிறகுதான் அந்த மூச்சு வர ஆரம்பித்தது.

மாத்திரையும் எங்கள் வீட்டுப் பெயர். பெண்ணும் எங்கள் வீட்டுப் பெயர். ஒன்று நின்றால் மற்றது விழும் என்ற நிலையில் நான் காரில் ஏறினேன்.

“மாமா, கதவைச் சாத்துங்க. நீங்க உக்காந்திருக்கிற விறைப்பைப் பாத்தா சீட் பெல்ட்டே தேவையில்ல போல” என்றாள் மருமகள்.

ஆய்வகத்தில் என் தம்பி வாசலுக்கே வந்து எங்களை அழைத்துப் போனான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவன் அறையில் கோட்டுப் போட்ட ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மாத்திரையைத் தயாரிக்கப்போகும் கம்பெனியின் ஆள். என்னைப் பார்த்ததும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“சார், உங்க குடும்பத்தைப் பத்தி டாக்டர் நிறைய சொல்லியிருக்காரு. நாளையிலேருந்து உங்கப்பா பேரு ஒவ்வொரு மருந்துக்கடையிலயும் இருக்கும்.”

“இதுவரைக்கும் அவர் பேரு மரியாதையான இடத்துலதான் இருந்திருக்கு” என்றேன்.

தம்பி என்னை ஓரமாக அழைத்தான். “அண்ணா, நீங்க வந்ததே எனக்குத் தெம்பா இருக்கு. ஆனா இதைக் கேஸ் மாதிரி நோண்டாதீங்க. நம்ம வீட்டுப் பொண்ணு. நாலு பேரு பேசற மாதிரி ஆயிடும்.”

“நாலு பேரு ஏற்கெனவே பேசறாங்க. அவங்க வாயை மூடத்தான் வந்திருக்கேன்.”

“மருந்து போடாத செல்லும் புளிச்சுச் சிவந்துபோச்சுண்ணா. அதுக்கப்புறம் என்ன பேச்சு இருக்கு? வேணும்னா நீங்களே படத்தைப் பாருங்க.”

படங்களை வைத்திருந்தவள் நுண்ணோக்கிப் பொறுப்பாளர். யார் உள்ளே வந்தாலும் ‘முதல்ல லைட்டை அணைங்க’ என்று சொல்வதால் மாணவர்கள் அவளுக்கு இருட்டக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எங்களைப் பார்த்ததும் முதலில் கால் மிதியடியைக் காட்டினாள். துடைத்துவிட்டு உள்ளே போனோம்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. கதவுக்கு உட்புறம் கனமான கறுப்புத் திரை. மேலே காற்றுப் போகும் துவாரத்தைக்கூட வெளிச்சம் வரும் என்று கறுப்பு டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். நடுவில் மேசை, மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர் திரை, பக்கத்தில் நுண்ணோக்கி. அதன் தலையைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் உடம்பு அளவு சூட்டில், தட்டில், உயிருள்ள செல்கள். எதிரே ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் அலமாரித் தட்டில் ஒரு இரும்புப் பெட்டி. சுவரைத் துளைத்துக்கொண்டு வந்த குழாய் அதில் முடிந்தது.

“அது என்ன?”

“கலவைப்பெட்டி. செல்லுக்குக் காத்தோட கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு வேணும், உடம்புக்குள்ள இருக்கிற மாதிரி. சிலிண்டர் வெளிய வராந்தாவுல இருக்கு. இந்தப் பெட்டி அறைக் காத்தை இழுத்து, அதோட வாயுவைக் கலந்து தட்டுக்கு அனுப்பும்.”

“செல்லுக்குள்ள புளிப்பு இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? நாக்குல வெச்சா பாப்பீங்க?” என்றாள் மருமகள்.

இருட்டக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒரு சாயம். செல் அதைக் குடிச்சிடும். சாகாது. அப்புறம் அதுமேல ரெண்டு நிற வெளிச்சத்தை மாத்தி மாத்தி அடிப்போம். ஒரு வெளிச்சத்துல அது மினுங்கறது புளிப்புக்குத் தகுந்த மாதிரி ஏறும், இறங்கும். இன்னொரு வெளிச்சத்துல புளிப்பு எப்படி இருந்தாலும் ஒரே மாதிரி மினுங்கும். ஒண்ணை இன்னொண்ணால வகுத்தா, எந்த செல்லு சாயம் அதிகமா குடிச்சது, எது கம்மியா குடிச்சதுங்கற சண்டை இல்லாம புளிப்பு மட்டும் நிக்கும். நீலம்னா நல்லா இருக்கு. சிவப்புன்னா புளிச்சுப்போச்சு.”

கம்ப்யூட்டர் திரையில் படங்களை வரிசையாகப் போட்டாள். முதலில் எடுத்தவற்றில் மருந்து பட்ட செல்கள் சிவந்திருந்தன, மருந்தில்லாதவை நீலமாக இருந்தன. கடைசி மூன்று தடவை எடுத்தவற்றில் எல்லாமே சிவப்பு.

“மருந்து போட்டாலும் சிவக்குது, போடாட்டியும் சிவக்குது. எங்க மாமா முகம் மாதிரி” என்றாள் மருமகள்.

“சாயம் கெட்டுப்போயிருக்குமோ?” என்று நான் கேட்டேன்.

“புளிப்பு அளவு தெரிஞ்ச திரவத்துல வெச்சுப் பாத்துட்டேன். சாயமும் சரி, கணக்கும் சரி. செல்லு நிஜமாவே புளிச்சிருக்கு.” இருட்டக்காவின் குரல் தாழ்ந்தது. “இந்த மூணு தடவையும்தான் அவ கத்திக்கிட்டு வெளிய ஓடி வந்தா. அதுவும், எப்ப ஓடி வந்தாளோ அப்பதான் இதுவும் சிவக்குது.”

“அப்ப செல்லுக்கும் பயம் வந்திருக்கு” என்றாள் மருமகள்.

மூவரும் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விளையாட்டாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் நான் முப்பது வருடம் பார்த்த வழக்குகளில், ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு அடி விழுந்தால் அடித்தவன் பக்கத்தில்தான் இருந்திருக்கிறான்.

யாரோ உள்ளே இருந்திருக்கிறார்கள். கறுப்புத் திரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். அவள் கண்ணைக் குழலில் வைத்திருக்கும்போது தட்டில் ஒரு சொட்டு அமிலம் விட்டுவிட்டு, அவள் கழுத்தில் ஊதி விரட்டியிருக்கிறான். என் கணக்கு அப்படி ஓடியது. ஊதியது யாராக இருக்கும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. கோட்டுப் பொத்தான் என் கண்முன் நின்றது.

நான் தம்பியின் அறைக்குத் திரும்பிப் போய் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். “மருந்தில்லாத தட்டு ஒண்ணை இப்ப வைக்கிறோம். அறையைப் பூட்டிடுவோம். உள்ள யாரும் இருக்க மாட்டாங்க. மெஷின் தானா அளக்கட்டும். கடைசி வரைக்கும் நீலமாவே இருந்துச்சுன்னா அந்தப் படத்தை நாளைக்கு நானே குழு முன்னால வைப்பேன்.”

கம்பெனிக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. “இதெல்லாம் தேவையா சார்?”

“செய்யுங்கண்ணா. உங்க திருப்திக்கு” என்றான் தம்பி.

பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று இருட்டக்காவிடம். மற்றது தம்பியின் அறைச் சுவரில், யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி தொங்கியது. அதைத் தொடாமல் விட்டு வந்தேன்.

இருட்டக்கா தட்டை வைத்துவிட்டு வெளியே போனாள். எல்லோரிடமும் சொன்னதற்கு மாறாக, வருகிறவனைப் பிடிக்க நான் உள்ளேயே இருந்தேன். மருமகள் இருட்டக்காவின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே தயங்கினாள்.

“மாமா, நான் எதிர் அறைக் கண்ணாடி வழியா கதவையே பாத்துக்கிட்டு இருப்பேன். யாராவது உள்ள வந்தா பின்னாலயே வந்து அமுக்கிடறேன். பயமா இருந்தா சுவத்தைத் தட்டுங்க.”

“நான் தட்ட மாட்டேன்.”

“தெரியும். சும்மா மரியாதைக்குச் சொன்னேன்.”

கதவு சாத்தப்பட்டது. வெளியே சாவி திரும்பியது. கறுப்புத் திரை ஆடி அடங்கியது.

அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. வெளியே நடுப்பகல். ஆனால் இங்கே கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தாலும் தெரியவில்லை. என் தம்பி மகள் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மெல்லிய ஊதா வெளிச்சம் ஒரு கணம் வந்து போனது. பிறகு நீலம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சின்ன ‘டிக்’. அதன் பிறகுதான் கம்ப்யூட்டர் திரை மங்கலாக எரிந்தது, அதில் செல்கள் தெரிந்தன. கடலில் தீவுகள் போல, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, எல்லாம் நீலம். நடுவில் ஒன்று மெதுவாக விளிம்பை நீட்டிச் சுருக்கியது. உயிரோடு இருப்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

நான் கதவைக் கவனித்தேன். சாவி திரும்பும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

சாவி திரும்பவில்லை. கதவு திறக்கவில்லை. கறுப்புத் திரை அசையவில்லை.

என் பின்கழுத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

சில்லென்று இருந்தது. விட்டது. நின்றது. மறுபடி விட்டது.

திரும்பினேன். இருட்டு. கையை வீசினேன். காற்று. “யாரு?” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக, உயரமாக வந்தது. பதில் இல்லை. மூச்சு மட்டும் நிதானமாக, அவசரமில்லாமல், என் கழுத்துக்கும் காதுக்கும் நடுவில் வந்து வந்து போனது.

நெஞ்சு குதிக்க ஆரம்பித்தது. மூச்சை இழுத்தேன், போதவில்லை. இன்னும் வேகமாக இழுத்தேன், அதுவும் போதவில்லை. உள்ளங்கை வியர்த்தது. தலையின் இரண்டு பக்கமும் யாரோ பிடித்து நசுக்குவது போல இருந்தது. ஒருவன் நிற்கிறான் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவன் உயரம்கூடத் தெரிந்தது. கத்தி காட்டியவனிடமும் துப்பாக்கி நீட்டியவனிடமும் நான் பேசியிருக்கிறேன். இப்போது ஒரு நாற்காலியில், யாரும் தொடாமல், நான் சாகப்போகிறேன் என்று என் உடம்பு முழுக்க நம்பியது. ஓடு என்று கால் சொன்னது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் திரையில் வைத்தேன்.

தீவுகளின் நிறம் மாறிக்கொண்டிருந்தது. நீலம் வெளுத்துப் பச்சையானது. பச்சை மஞ்சளானது. எந்தக் கையும் தட்டைத் தொடவில்லை. எந்தச் சொட்டும் விழவில்லை. ஊதா, நீலம், டிக், ஊதா, நீலம், டிக். மஞ்சள் ஆரஞ்சாகியது.

இவற்றுக்குக் கண் இல்லை. காது இல்லை. இவற்றுக்குப் பேய்க்கதை யாரும் சொன்னதில்லை. என்னைப் பிடித்திருப்பது என் மனதுக்குள் மட்டும் இருந்தால், இவை ஏன் சிவக்க வேண்டும்? என்னைத் தொட்டது இவற்றையும் தொட்டிருக்கிறது. எனக்கும் இந்தத் தட்டுக்கும் பொதுவாக இந்த அறையில் என்ன இருக்கிறது?

நாங்கள் ஒரே காற்றைச் சுவாசிக்கிறோம்.

கையைப் பின்னால் நீட்டினேன். விரல் இரும்பில் பட்டது. கலவைப்பெட்டி. அதன் பக்கத்தில் பட்டாணி அளவு ஒரு ஓட்டை. அதிலிருந்து பனிபோல் குளிர்ந்த வாயு விட்டு விட்டுப் பீறிட்டது. என் கழுத்தில் ஊதியது அதுதான். டேப் ஒட்டி அடைத்த அறையில் அது நிரம்பிக்கொண்டிருந்தது.

பேய் இல்லை என்று தெரிந்ததால் பயம் போய்விடவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. காரணம் தெரிந்த பிறகு இன்னும் அதிகமாகப் பயந்தேன். எழுந்தேன், முழங்கால் மடங்கியது. கறுப்புத் திரை முகத்தில் சுற்றிக்கொண்டது. கதவை இழுத்தேன், பூட்டியிருந்தது. பூட்டச் சொன்னவன் நான்தான்.

சுவரைத் தட்டினேன். இரண்டு கையாலும் தட்டினேன்.

கண்ணைத் திறந்தபோது வராந்தாவின் வெளிச்சத்தில், தரையில், மருமகளின் மடியில் என் தலை இருந்தது. எழுந்து உட்கார்ந்து சுவரில் சாய்ந்தேன். ஒவ்வொரு மூச்சும் இனிப்பாக இருந்தது. இருட்டக்கா கதவை முழுக்கத் திறந்து, ஒரு அட்டையால் உள்ளேயிருந்த காற்றை வெளியே விசிறித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“குழாய்ல அழுத்தம் ஏறினா பெட்டி வெடிக்கக் கூடாதுன்னு அதுல ஒரு வால்வு இருக்கு” என்றாள் அவள். “மிச்ச வாயுவை விட்டு விட்டு வெளிய தள்ளும். அது தள்ளி நான் பாத்ததே இல்ல. யாரோ சிலிண்டரை முழுசாத் திறந்திருக்காங்க.”

நான் மருமகளைப் பார்த்தேன். “உள்ள யாரும் வரல.”

“வரல மாமா.”

“வெளிய? சிலிண்டர் அலமாரி இந்தக் கதவுக்குப் பக்கத்துலதானே இருக்கு. உன் கண்ணுக்கு நேரா.”

அவள் என் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

“அந்தக் கோட்டுக்காரன்தானே?” என்றேன்.

“அவரா இருந்தா பாத்த உடனே பிடிச்சிருப்பேன் மாமா.” அவள் தரையைப் பார்த்தாள். “நம்ம வீட்டு ஆளுங்கறதாலதான் விட்டுட்டேன்.”

அப்போது வராந்தாவின் கோடியிலிருந்து காலடி ஓசை கேட்டது. என் தம்பி ஓடி வந்தான். பின்னால் கம்பெனிக்காரர். நான் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் தம்பி நின்றுவிட்டான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

“உள்ளயா இருந்தீங்க?” என்றான். “யாரும் இருக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களேண்ணா.”

என்ன கேட்டோம் என்பது அவனுக்கே அப்போதுதான் விளங்கியது. இருட்டக்கா விசிறுவதை நிறுத்தினாள்.

“ஏன்டா?” என்றேன்.

“செல்லுக்கு மட்டும்தான்ணா. சத்தியமா. அழுத்தத்தை ஏத்தினா தட்டுக்கு வாயு கொஞ்சம் அதிகமாப் போகும், மருந்தில்லாத செல்லும் புளிச்சிடும். ரெண்டும் ஒரே மாதிரி சிவந்துட்டா மருந்து மேல பழி வராது. அவ்வளவுதான். அந்தப் பெட்டியில வால்வு இருக்கறது எனக்குத் தெரியாது. அறைக்குள்ள வாயு வரும்னு தெரியாது.”

“தட்டுல இருக்கிற செல்லுக்கு எவ்வளவு காத்து போகும்னு கணக்குப் போட்ட. நாற்காலியில உக்காந்திருந்தது உன் பொண்ணு.”

“முதல் தடவை அவ பயந்து ஓடி வந்தப்ப எனக்கு எதுவுமே புரியலண்ணா.”

“ரெண்டாவது தடவை?”

அவன் சிலிண்டர் அலமாரியைப் பார்த்தான்.

“மூணாவது தடவை வராந்தாவுல விழுந்தா. அப்ப புரிஞ்சிருக்கும்.”

“புரிஞ்சுது.” அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். “அதுக்குள்ள எல்லாரும் அவளுக்கு மனசு சரியில்லன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. நானும் ஆமான்னு சொல்லிட்டேன். கொஞ்ச நாள் ஓய்வு எடுத்தா சரியாயிடுவா, மாத்திரையும் வெளிய வந்துடும்னு நெனச்சேன். அப்பா பேருண்ணா அது. நம்ம குடும்பப் பேருக்கு ஒரு கீறல் விழக் கூடாதுன்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க.”

சொல்லியிருக்கிறேன். சாப்பிடும்போது, ஊருக்குப் போகும்போது, அவன் கல்யாணத்தன்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அதை அவன் இப்படி எடுத்துக்கொள்வான் என்று நான் நினைத்ததில்லை.

கம்பெனிக்காரர் தொண்டையைச் செருமினார். “சார், இதை எல்லாருக்கும் நல்லபடியா முடிச்சிடலாம். மெஷின் கோளாறு. வால்வு தானா திறந்துக்கிச்சு. பொண்ணுக்குப் பைத்தியம் இல்லன்னும் ஆயிடும், டாக்டருக்கும் கெட்ட பேரு வராது.”

“மெஷின் கோளாறுன்னா அதுல எடுத்த அளவு எல்லாமே கோளாறு” என்றாள் மருமகள். “முதல்ல எடுத்த நல்ல படங்களும் சேர்ந்து குப்பைக்குப் போகும். மாத்திரை கடைக்குப் போகும். சார் நல்லாத்தான் அளக்கறீங்க.”

ஒப்புக்கொள்ளாமல் இருக்க எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. ஒரு தலையசைப்பு போதும். வீட்டுப் பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள். தம்பி தலைவனாகவே இருப்பான். எங்கள் தந்தையின் பெயர் கடை கடையாகப் போகும், அதை விழுங்குகிறவர்களின் செல்கள் உள்ளுக்குள் சிவந்துகொண்டிருக்கும். யாருக்கும் தெரியாது.

மருத்துவமனையில் தரையில் உட்கார்ந்திருந்தவளின் குரல் காதில் கேட்டது. எது நிஜம்னு எனக்கே தெரியல.

“போனை எடு” என்று மருமகளிடம் சொன்னேன். “அவளைக் கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு.”

“அண்ணா, வேண்டாம்” என்றான் தம்பி.

“நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு.”

மணி அடித்தது. அவள் எடுத்தாள். “பெரியப்பா?”

“உங்கப்பா பேசணும்ங்கறான்மா.”

தம்பி போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவளே கேட்டாள். “அப்பா, இன்னொரு தட்டு வெச்சீங்களாமே. அண்ணி மெசேஜ் போட்டாங்க. என்ன ஆச்சு? நீலமா இருந்துச்சா?”

“டாக்டர், போனை வைங்க” என்றார் கம்பெனிக்காரர்.

“நீங்க முதல்ல பொத்தானைப் போடுங்க சார்” என்றாள் மருமகள், அவருக்கும் தம்பிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு.

“சிவந்துதும்மா” என்றான் தம்பி. “வாயுவால சிவந்துது. மருந்தில்லாத செல்லு வாயுவால சிவந்துது. நீ முதல்ல எடுத்தது எல்லாம் சரி. நீ அளந்தது எல்லாமே சரிதான்.”

பிறகு அவள் கேட்டாள். “அப்ப எனக்குப் பின்னால நின்னது யாருப்பா?”

என் தம்பி என்னைப் பார்த்தான். சின்ன வயதில் தப்பு செய்துவிட்டு அப்பா முன்னால் நிற்கும்போது பார்ப்பான், அதே பார்வை. அப்போதெல்லாம் நான் அவனுக்காகப் பேசியிருக்கிறேன். இப்போது பேசவில்லை.

“நான்தாம்மா” என்றான்.

போனில் ஏதோ கதவு திறந்து மூடும் சத்தம். ஒரு நர்ஸ் எதையோ கேட்கிறாள். அவள் “ஒண்ணுமில்ல சிஸ்டர்” என்கிறாள்.

“போனைப் பெரியப்பாகிட்ட குடுங்க” என்றாள்.

வாங்கினேன்.

“பெரியப்பா, காலையில குழு கூடற இடத்துக்கு நானே வர்றேன். முதல்ல எடுத்த படங்களையும் இன்னைக்கு எடுத்ததையும் இருட்டக்காகிட்ட வாங்கி வெச்சிருங்க. கார் மட்டும் அனுப்புங்க.”

“காரை நானே கொண்டுவர்றேன்மா” என்றேன்.

அவள் குரலில் நடுக்கம் இல்லை. போனை மருமகளிடம் கொடுத்துவிட்டு இருட்டக்காவிடம் படங்களைக் கேட்டேன்.